விண்வெளியே ஐஸ் பெட்டி மாதிரி, அங்க எதுக்குக் கூலிங்?

கேள்வி, பிப்ரவரி 3, மாலை 6.12

அண்ணே, விண்வெளி கடுங்குளிர்னு சின்ன வயசுலேருந்து படிக்கிறோம். அப்புறம் மேல பூமியைச் சுத்துற சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கூலிங் சிஸ்டம் எதுக்கு? அது கெட்டுப்போய் ஆளுங்க வெளியே இறங்கி ரிப்பேர் பார்த்தாங்கன்னு வேற போட்டிருக்கான். எனக்கென்னவோ நம்ப முடியலை. ஒரு ஜன்னலைத் திறந்து விட்டா ஆறிடாதா? நீங்க கடலூர் முதுநகர்ல ஐஸ் கம்பெனி மெஷின் பார்த்தவர்னு சொன்னாங்க. அதான் உங்களையே கேட்கிறேன். எனக்கு ஊர் பாண்டிச்சேரி, முத்தியால்பேட்டை.

பிப்ரவரி 3, இரவு 9.40

ஜன்னலைத் திறந்தா உள்ள இருக்கிற காத்து மொத்தமும் போயிடும் தம்பி. அதுக்கப்புறம் சூடுன்னும் குளிருன்னும் சொல்ல ஆள் இருக்காது.

சூடு ஒரு இடத்தை விட்டுப் போகணும்னா அதை வாங்கிக்க ஏதாவது வேணும். எங்க ஐஸ் கம்பெனி மொட்டை மாடியில, அமோனியாவை ஆற வைக்கிற கண்டென்சர்ல குழாய் மேல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், கடல் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டுமா சேர்ந்து சூட்டை எடுத்துட்டுப் போயிடும். மே மாசம் காத்து நின்ன ராத்திரியில பிரஷர் முள் ஏறுறதைப் பார்த்தவனுக்குத்தான் காத்தோட அருமை தெரியும். மேல காத்தும் இல்லை, தண்ணியும் இல்லை. சூடு கதிரா மட்டும்தான் வெளியேற முடியும். அதுக்குத்தான் அத்தனை பெரிய ரேடியேட்டர் பலகைங்க. வெயில் நேரா படாத மாதிரி அதைத் திருப்பி வேற வைக்கணும்.

உள்ள கம்ப்யூட்டர், ஆய்வுக் கருவி, விளக்கு, மனுஷ உடம்புன்னு எல்லாம் சூடு கக்கும். சூரியத் தகடுலேருந்து வர்ற கரண்ட் எல்லாம் கடைசியில சூடாத்தான் முடியுது. வெளியில வெயில் பக்கம் 121 டிகிரி வரைக்கும் போகும், நிழல் பக்கம் மைனஸ் 157. பூமியை ஒரு தடவை சுத்த ஏறக்குறைய 90 நிமிஷம்தான் ஆகுது, அதுக்குள்ள ரெண்டையும் பார்த்தாகணும்.

உள்ள ஓடுறது தண்ணி. வெளியில ஓடுறது அமோனியா, அதே நம்ம அமோனியாதான். தண்ணி சூட்டைக் கொண்டுபோய் அமோனியாகிட்டக் கொடுக்கும், அமோனியா அதை ரேடியேட்டருக்கு எடுத்துட்டுப் போகும். வெளியில தண்ணியை விட்டா உறைஞ்சு குழாய் வெடிச்சுடும். அமோனியா உறைய மைனஸ் 77 தாண்டணும்.

ஏ, பி-ன்னு ரெண்டு சுற்று. ரெண்டும் சேர்ந்து 70 கிலோவாட் சூடு வரைக்கும் தள்ளும். கூலிங் வேலையில சூட்டை டன்லதான் அளப்போம், அந்தக் கணக்குல 20 டன். மன்னிக்கணும், முதுநகர்ல இதைவிடப் பெரிய மெஷின் ஓட்டியிருக்கேன்.

பிப்ரவரி 4, காலை 7.05

ராத்திரி ஒருத்தர் கேட்டிருக்கார், "அப்ப கம்ப்ரசர் எத்தனை எச்.பி.?" கம்ப்ரசரே கிடையாது சார். அங்க அமோனியா கொதிக்கிறதில்லை. பிரஷர்ல வச்சுத் திரவமாவே பம்ப் போட்டுச் சுத்த விடுறாங்க. ஐஸ் பிடிக்கிற வேலை இல்லையே, சூட்டை இடம் மாத்துற வேலைதானே. அதனால அந்தப் பம்ப்தான் உயிர். அது நின்னா அந்தச் சுற்று மொத்தமும் செத்த மாதிரி.

பிப்ரவரி 4, இரவு 10.20

பம்ப் நின்ன கதையைச் சொல்லிடறேன், ஆள் இறங்கினதை நம்ப முடியலைன்னாரே தம்பி.

2010 ஜூலை 31. ஏ சுற்றோட பம்ப் படுத்துடுச்சு. கூலிங் பாதியாச்சு. உள்ள இருந்த கருவிகள்ல ஒரு பகுதியை அணைச்சு வச்சாங்க. மாத்துப் பம்ப் மேலேயே, நிலையத்துக்கு வெளியே கட்டி வச்சிருந்தது. அது புத்தி. நம்ம ஊர்ல முதலாளிகிட்ட ஸ்பேர் வாங்கி வைங்கன்னு சொன்னா, ஓடுற மெஷினுக்கு எதுக்குய்யா ஸ்பேர்னு கேட்பார்.

அந்தப் பம்ப் பெட்டி 350 கிலோவுக்கு மேல. எடை தெரியாதுன்னாலும் நகர்த்தினா நிறுத்தணுமே. நிலையத்துல இருந்த விண்வெளி வீரர்கள் டக் வீலாக்கும் டிரேசி கால்டுவெல் டைசனும் ஆகஸ்ட் 7 அன்னிக்கு இறங்கினாங்க. 8 மணி நேரம் 3 நிமிஷம் வெளியே இருந்தும் பம்பைக் கழட்ட முடியலை. காரணம் பம்பு இல்லை. பம்புக்குப் போற நாலு அமோனியா குழாய்ல ஒண்ணோட கப்ளிங், அதாவது கழட்டி மாட்டுற இணைப்பு, இறுகி மாட்டிக்கிச்சு. அசைச்சா அமோனியா பனித் துணுக்கா பறக்குது. திரும்ப மூடிட்டு உள்ள வந்துட்டாங்க.

இந்த இடத்தைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பும் வந்தது, வயித்தையும் கலக்குச்சு. கூலிங் வேலையில மோட்டார் மாத்துறதோ பம்ப் மாத்துறதோ வேலையே இல்லை. இணைப்பைத் திறக்கிறதும் ஒழுகாம மூடுறதும்தான் வேலை. நாங்க எந்த லைனைத் திறந்தாலும் முன்னாடி பம்ப் டவுன் பண்ணுவோம். அமோனியாவை இழுத்து ரிசீவர்ல, அதாவது அதைச் சேர்த்து வைக்கிற தொட்டியில, அடைச்சுட்டு, முள் இறங்கின பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவோம். அவங்களும் சுற்றோட அழுத்தத்தைக் குறைச்சுட்டு ஆகஸ்ட் 11-ல மறுபடி போனாங்க. கழண்டுச்சு. 16-ஆம் தேதி புதுசு மாட்டினாங்க. மூணு தடவை இறங்கினதுல கிட்டத்தட்ட 23 மணி நேரம்.

பிப்ரவரி 5, மதியம் 1.15

ஸ்பேனர் கை நழுவினா என்ன ஆகும்னு ஒரு குறும்புக் கேள்வி. எல்லாத்தையும் கயித்துல கட்டித்தான் எடுத்துட்டுப் போறாங்க. அப்படியும் 2008 நவம்பர்ல ஒரு பை போச்சு, 2023 நவம்பர்ல இன்னொரு பை போச்சு. ரெண்டாவதை பைனாகுலர் வச்சுக் கீழேருந்தே பார்த்தவங்க உண்டு. எங்க உப்புத் தண்ணித் தொட்டியில விழுந்த ஸ்பேனருங்களை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

பிப்ரவரி 5, இரவு 9.10

அமோனியா ஒழுகினா வெளியிலதானே ஒழுகுது, வெட்டவெளி, யாருக்கு என்ன நஷ்டம்னு எழுதியிருக்கீங்க. நஷ்டம் ஆள் உள்ள திரும்பும்போது.

2001 பிப்ரவரி, டெஸ்டினி ஆய்வுக்கூடத்தை நிலையத்தோட இணைக்கிற வேலை. ராபர்ட் கர்பீம் அமோனியா குழாயை மாட்டும்போது வால்வுலேருந்து பீய்ச்சி அடிச்சு, அவர் விண்வெளி உடை மேலேயே பனியாப் படிஞ்சுடுச்சு. அவர் முதல்ல கசிவை அடைச்சார். அப்புறம் அரை மணி நேரம் வெயில்ல நிக்க வச்சாங்க, பனி ஆவியாப் போகட்டும்னு. கூட இருந்தவர் உடையைத் தூரிகையால துடைச்சுவிட்டார். உள்ள வந்த பிறகும் அவங்க வந்த விண்கப்பல்ல இருந்தவங்க கொஞ்ச நேரம் ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கிட்டாங்க. அடைச்ச டப்பாவுக்குள்ள இந்த வாயு கொஞ்சம் வந்தாலும் ஓட இடம் கிடையாதில்லையா.

எனக்கு ஓட இடம் இருந்தது. ஒரு ஐஸ் கம்பெனியில, பேரு வேண்டாம், தண்டைச் சுத்திக் கேஸ் ஒழுகாம அடைக்கிற கிளாண்ட் பேக்கிங்கை மாத்தச் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் மாத்தலை. விடிகாலை படகுக்கு ஐஸ் ஏத்துற நேரத்துல அது விட்டுச்சு. கண்ணுல மிளகாயைத் தேய்ச்ச எரிச்சல், மூச்சை இழுக்க முடியலை. தோள்ல கிடந்த துண்டை நனைச்சு மூஞ்சில சுத்திக்கிட்டு, குனிஞ்சபடியே போய் வால்வை மூடினேன். அமோனியா தண்ணியில கரைஞ்சிடும், காத்தைவிட லேசு, மேலதான் போகும். அதனாலதான் ஈரத் துண்டு, அதனாலதான் குனிஞ்சு போறது. ஐஸ் ஏத்த வந்த பசங்க உப்பனாறு பக்கமா ஓடினது இன்னும் கண்ணுல நிக்குது. ஒருத்தன் மட்டும் ஐஸ் பாரைத் தோள்லேருந்து இறக்காமலே ஓடினான்.

பிப்ரவரி 6, இரவு 8.30

இன்ஜினீயரிங் படிக்கிற தம்பி ஒருத்தர் கோபப்பட்டிருக்கார். விஞ்ஞானிங்க செய்யறதை மெக்கானிக் வேலைன்னு சொல்லி மட்டம் தட்டறேனாம்.

நான் உயர்த்திச் சொன்னேன் தம்பி. மெக்கானிக் வேலை மட்டமான வேலைன்னு நினைக்கிறது நீங்க.

ஆனா உங்க கேள்வியை அசைபோட்டதுல ஒண்ணு தோணுச்சு. 2010 பம்ப் வேலையை நான் கொஞ்சம் தூக்கிப் பேசிட்டேனோன்னு. அந்தப் பம்ப் மாத்தறதுக்குன்னே செஞ்சது. கைப்பிடி உண்டு, கையுறையோட திருகத் தோதா போல்ட்டு உண்டு, கப்ளிங் உண்டு. உண்மையான வேலைன்னா 2019-ல ஏ.எம்.எஸ். கருவிக்குப் பண்ணினது.

அது துகள் ஆராய்ச்சிக் கருவி. 2011 மே மாசம் நிலையத்துல மாட்டினாங்க. அதோட கூலிங் தனி, கார்பன் டை ஆக்சைடு ஓடும். நாலு பம்ப் இருந்தும் ஒண்ணொண்ணா நொண்ட ஆரம்பிச்சுடுச்சு. மேல வச்சு ரிப்பேர் பார்க்கணும்னு யாரும் நினைச்சு அதைச் செய்யலை. கைப்பிடி இல்லை, கப்ளிங் இல்லை, மூடியைக் கழட்டினா மெல்லிசு மெல்லிசா எஃகுக் குழாய். அதை வெட்டித்தான் ஆகணும். லூக்கா பார்மிட்டானோவும் ஆண்ட்ரூ மார்கனும் 2019 நவம்பர்லேருந்து 2020 ஜனவரி வரைக்கும் நாலு தடவை இறங்கி, எட்டுக் குழாயை வெட்டி, புதுப் பம்ப் பெட்டியோட அந்த எட்டையும் இறுக்கி இணைச்சாங்க. இதுக்குன்னே புதுசா இருபதுக்கும் மேல கருவி செஞ்சு அனுப்பியிருந்தாங்க.

நான் ரசிச்சது கடைசி நாளை. ஜனவரி 25 அன்னிக்குக் கசிவு பார்க்கிறாங்க. எட்டுல ஒண்ணு ஒழுகுது. இறுக்கறாங்க, காத்திருக்காங்க, திரும்பப் பார்க்கிறாங்க. கடைசியில அடங்குச்சு. அந்தக் காத்திருப்பு இருக்கே, கேஸ் ஏத்தின எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். சோப்பு நுரை தடவிட்டுக் குழாயையே முறைச்சுக்கிட்டு நிப்போம். வீட்டுக்காரம்மா "ஆச்சா, ஆச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

ஆக, தம்பி, பம்பை மாத்தினவங்க ஃபிட்டர். குழாயை வெட்டி ஒட்டினவங்க ஆபரேஷன் பண்ணினவங்க. இது என் தரவரிசை, ஒத்துக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 6, இரவு 11.50

தூக்கம் வரலை. பார்மிட்டானோ பேரைச் சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வந்துடுச்சு. அந்த ஆளுக்குக் கூலிங்கோட பழைய கணக்கு ஒண்ணு இருக்கு.

அவங்க போடுற விண்வெளி உடைக்கே தனிக் கூலிங் உண்டு. உள்ளாடையில சின்னச் சின்னக் குழாய் பின்னியிருக்கும், நீளம் கிட்டத்தட்ட 90 மீட்டர், அதுல தண்ணி ஓடி உடம்புச் சூட்டை வாங்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ள முதுகுப் பெட்டியில நுண்துளைத் தகடு ஒண்ணு. அது வழியா கசியற தண்ணி வெற்றிடத்தைப் பார்த்ததும் பனியா உறையும், அந்தப் பனி நேரா ஆவியாப் போகும். போகும்போது சூட்டையும் கொண்டுபோகும்.

2013 ஜூலை 16. பார்மிட்டானோ வெளியே இருக்கும்போது அந்த உடைக்குள்ள ஓடுற தண்ணி ஹெல்மெட்டுக்குள்ள ஏற ஆரம்பிச்சுது. எடையில்லாத இடத்துல தண்ணி கீழே வடியாது, மூஞ்சியோட ஒட்டிக்கிட்டே பரவும். கண்ணு, மூக்கு, காது எல்லாம் தண்ணி. வேலையை விட்டுட்டுக் கயித்தைத் தடவித் தடவி வாசலுக்கு வந்து சேர்ந்தார். இறங்கி ஒண்ணரை மணி நேரத்துல திரும்பிட்டாங்க. உள்ள ஏறினது ஒண்ணரை லிட்டர் வரைக்கும் இருக்கும்னு கணக்கு. தண்ணியையும் காத்தையும் பிரிக்கிற பாகத்துல அழுக்கு அடைச்சதுதான் காரணம்.

அஞ்சு மாசம் கழிச்சு, 2013 டிசம்பர் 11, மறுபடி ஏ சுற்றுல கோளாறு. இந்தத் தடவை பம்ப் பெட்டிக்குள்ள ஒரு வால்வு. டிசம்பர் 21, 24 ரெண்டு நாள் ரிக் மாஸ்ட்ராக்கியோவும் மைக் ஹாப்கின்ஸும் இறங்கிப் பெட்டியையே மாத்தினாங்க. அப்ப ஹெல்மெட்ல தலைக்குப் பின்னாடி தண்ணி உறிஞ்சுற பஞ்சு, வாய்கிட்டேருந்து உடைக்குள்ள இறங்குற ஒரு பிளாஸ்டிக் குழாய். தண்ணி ஏறினா அதுல மூச்சு விட்டுக்கிட்டே வந்து சேரலாம்னு. ராக்கெட் விடுறவங்க உயிரைக் காப்பாத்த ரெண்டு ரூபாய்க் குழாய். இந்த மாதிரி யோசனைக்கு நான் அடிமை.

அதே ஆள்தான் ஆறு வருஷம் கழிச்சு இன்னொரு கூலிங் ரிப்பேருக்கு இறங்கினார். எனக்கு அந்தக் கிளாண்ட் விட்டதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்த ரூம் பக்கமே போகப் பிடிக்கலை.

பிப்ரவரி 7, காலை 6.50

"பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கிற தத்துவம்தானே அந்தத் தகடு?" ஆமா, அதேதான் அம்மா. பானையில ஐஸ் கட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 8, இரவு 9.25

சுனிதா வில்லியம்ஸ் இதுல இருக்காங்களான்னு மூணு பேர் கேட்டாச்சு. இருக்காங்க, நல்லாவே இருக்காங்க. 2007 ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்துல தற்காலிகக் கூலிங்கை நிரந்தரச் சுற்றுக்கு மாத்தின வேலையில மைக்கேல் லோபஸ் அலெக்ரியாவோட குழாய் குழாயா மாத்திக் கொடுத்தாங்க. அவங்க போன எல்லாப் பயணத்தையும் சேர்த்தா மொத்தம் 9 விண்வெளி நடை, 62 மணி நேரத்துக்கு மேல.

2012 நவம்பர் 1-ல அக்கி ஹோஷிடேயோட அவங்க பண்ணினது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. இடதுபக்கக் கடைசிச் சூரியத் தகடுக்குத் தனிக் கூலிங் உண்டு, அதுல அமோனியா மெதுவா குறையுது. எங்க ஒழுகுதுன்னு தெரியலை. ரேடியேட்டர்லேயா இருக்கும்னு சந்தேகம். அதனால அந்த ரேடியேட்டரைக் கழிச்சு விட்டு, சும்மா மடக்கி வச்சிருந்த பழைய ஒண்ணை விரிச்சு அதோட லைனை மாத்தினாங்க. சந்தேகப்பட்ட பாகத்தை வெட்டிவிட்டுப் பார்க்கிறதுதான் கசிவு தேடுற பழைய வழி. அப்படியும் நிக்கலை. 2013 மே 9 அன்னிக்கு ஜன்னல் வழியா பார்த்தா வெள்ளைத் துணுக்கு பறக்குது. ரெண்டே நாள்ல, மே 11, கிறிஸ் காசிடியும் டாம் மார்ஷ்பர்னும் இறங்கிப் பம்ப் பெட்டியை மாத்தினாங்க. 2009-ல அதே மூலையில அதே ரெண்டு பேர் சேர்ந்து வேலை பார்த்திருக்காங்க. மெஷினோட மூலை முடுக்குத் தெரிஞ்ச ஆள் கையில இருந்தா எவ்வளவு நேரம் மிச்சம்னு எங்க ஃபோர்மேன் சொல்லிக்கிட்டே இருப்பார்.

நாங்க கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாயோரமா காட்டிக்கிட்டே போவோம். அமோனியா கசியற இடத்துல புகை கெட்டி வெள்ளையா மாறும். மேல நெருப்பு எரியாது. அதனால மோப்பம் பிடிக்கிற கருவி ஒண்ணை 2015-ல அனுப்பினாங்க. ரோபோ கை நுனியில பிடிச்சு நிலையத்தைச் சுத்தி முகர்ந்து பார்க்கும். ரோபோ எதுக்கு உதவும்னு கேட்டவருக்கு இதுதான் பதில். தேடறதுக்கு ரோபோ, திறக்கிறதுக்கு மனுஷன். இப்போதைக்கு.

பிப்ரவரி 10, இரவு 10.05

விஷயம் விட்டு எங்கேயோ போய்க்கிட்டிருக்கு, தானே புயல் பேச்சை யார் ஆரம்பிச்சீங்க? சரி, எனக்கும் சொல்லணும்போல இருக்கு. 2011 டிசம்பர் 30 விடியற நேரம் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு. முந்தின நாள் சாயங்காலமே அமோனியாவை மொத்தமா ரிசீவருக்கு இழுத்து அடைச்சுட்டோம். கூரை போச்சு, கண்டென்சர் மேல மரம் சாய்ஞ்சது, கேஸ் ஒரு மூச்சு வெளியே வரலை. கரண்ட் வர நாளாச்சு. தொட்டியில இருந்த ஐஸ் எல்லாம் கரைஞ்சுடுச்சு. மீன் பிடிக்கப் போக படகும் இல்லை, அதனால ஐஸ் கேட்டு ஆளும் இல்லை.

மேலேயும் ஒரு நாள் இப்படி அடைச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. 2015 ஜனவரி 14, அமோனியா உள்ள கசியுதுன்னு அலாரம். எல்லாரும் முகமூடி மாட்டிக்கிட்டு ரஷ்யப் பகுதிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அந்தப் பக்கம் அமோனியா குழாய் கிடையாது. பார்த்தா கசிவே இல்லை, ஒரு கம்ப்யூட்டர் அட்டை பண்ணின கோளாறு. கிண்டல் பண்ணாதீங்க, பொய் அலாரத்துக்கு ஓடாதவன் நிஜ அலாரத்துக்கும் ஓட மாட்டான்.

பிப்ரவரி 12, இரவு 9.00

இன்ஜினீயரிங் தம்பி திரும்ப வந்திருக்கார், கோபம் குறைஞ்சு. "அப்ப எந்தக் கசிவையும் ஆள் இறங்கிச் சரி பண்ணிடலாமா?" நல்ல கேள்வி. முடியாது.

2022 டிசம்பர் 14 ராத்திரி. ரெண்டு ரஷ்யர்கள், செர்கே புரோகோப்யேவ், டிமிட்ரி பெட்டெலின், இறங்கத் தயாரா நிக்கிறாங்க. அந்த நேரம் பார்த்து, நிலையத்துல கட்டியிருந்த அவங்க சோயுஸ் கப்பலோட கூலிங் திரவம் மத்தாப்பு மாதிரி வெளியே பீய்ச்சுது. இறங்குறதை ரத்து பண்ணிட்டாங்க. ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனா அந்தக் குழாய் கப்பல் தோலோட சேர்ந்தது. அதைக் கழட்ட வழியும் இல்லை, கேஸ் ஏத்த வழியும் இல்லை. காலிக் கப்பல் ஒண்ணைக் கீழேருந்து அனுப்பினாங்க. ஊர் திரும்பத் தேதி தள்ளித் தள்ளி, அதே கப்பல்ல வந்த அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோ 371 நாள் மேல இருந்தார். அமெரிக்கர்ல ஒரே பயணத்துல அவ்வளவு நாள் அதுவரைக்கும் யாரும் இருந்ததில்லை. ஒரு ஊசி ஓட்டைக்கு.

2023 அக்டோபர்ல ரஷ்யாவோட நவ்கா பகுதியில ஒரு ரேடியேட்டர் ஒழுகுச்சு. ஒலெக் கோனோனென்கோவும் நிக்கோலாய் சுப்பும் 25-ஆம் தேதி இறங்கி அந்த ரேடியேட்டரைச் சுற்றுலேருந்து பிரிச்சு வச்சுட்டு வந்தாங்க. வெளியில திரவம் பெரிய சொட்டா தேங்கியிருந்தது, அது கோனோனென்கோவோட பாதுகாப்புக் கயித்துல பட்டுடுச்சு. அந்தக் கயித்தைத் தனிப் பையில போட்டுட்டாங்க. இந்த மாதிரி பையில போட்டுக் கட்டுற புத்தி எங்க கம்பெனியில இருந்திருந்தா என் லுங்கியில பாதி இன்னும் உசிரோட இருக்கும்.

பிப்ரவரி 13, மதியம் 2.30

வில்லியனூர்ப் பக்கம் பழைய ஐஸ் பிளாண்டை வாங்கி ஓட்டப் போறேன்னு தனியா எழுதினவருக்கு, எல்லாருக்கும் பயன்படட்டும்னு இங்கேயே. கிளாண்ட் பேக்கிங் புதுசு போடுங்க, இருக்கிறதை நம்பாதீங்க. ஈரத் துண்டு போதும்னு நான் எழுதினதைப் பார்த்து முகமூடி வாங்காம இருந்துடாதீங்க, அது அன்னிக்கு வேற வழி இல்லாததால. லைன்ல எங்கேயாவது பித்தளை வால்வு, செம்புக் குழாய் போட்டு ஒட்டு வேலை பார்த்திருந்தா முதல் வேலையா அதைப் பிடுங்கிடுங்க. ஈரம் சேர்ந்தா அமோனியா செம்பைத் தின்னுடும். இரும்பு, எஃகு மட்டும்தான்.